ஓதம் ஏறும் நிலவறையில் ஜிப்சம் பலகை இணைப்புக்கு எந்த டேப் பொருந்தும்?

தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும் அறையை, பேஸ்மென்ட் என்று பலரும் சொல்லும் நிலவறையை, வசிக்கும் அறையாக மாற்றிக்கொண்டிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். சுவரோரம் சட்டங்களை நிறுத்தியாயிற்று. டிரைவால் எனப்படும் ஜிப்சம் பலகையை இனிமேல்தான் வாங்க வேண்டும். ஆனால் இணைப்புகளில் ஒட்டுவதற்குக் காகித டேப் நான்கு சுருள் முன்னதாகவே வாங்கி வைத்துவிட்டார். “நிலவறையில் காகிதம் ஒட்டினால் பூசணம் பிடிக்கும், ஃபைபர்கிளாஸ் வலை டேப்தான் ஒட்ட வேண்டும்” என்று ஒருவர் சொல்ல, “வலை டேப் விரிசல் விடும், காகிதத்தை மாற்றாதீர்கள்” என்று இன்னொருவர் சொல்ல, யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறார்.

இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. காகிதம் பூசணத்துக்கு இரைதான். வலை டேப் விரிசலுக்கு இடம் கொடுப்பதும் நடப்பதுதான். ஆனால் டேப்பை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு இந்தக் கேள்விக்கு விடை காண முடியாது. பலகை, அதன் மேல் பூசும் கலவை, இரண்டுக்கும் நடுவே புதையும் டேப் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் ஓர் இணைப்பு. ஈரமுள்ள இடத்தில் இந்த மூன்றில் கலவைக்குத்தான் முதல் இடம் கொடுப்பேன், பலகைக்கு இரண்டாம் இடம், டேப்புக்கு மூன்றாம் இடம். அவருடைய அறைக்கு என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முகத்தில் காகிதம் இல்லாத, கண்ணாடி இழை ஒட்டிய ஜிப்சம் பலகை, நெய்யாத மெல்லிய கண்ணாடி இழை டேப், பொடியாக வாங்கித் தண்ணீரில் குழைத்தால் தானாக இறுகும் கலவை. இதை ஏன் சொல்கிறேன் என்பதும், இதில் எங்கே விட்டுக்கொடுக்கலாம் என்பதும்தான் இனி வருபவை.

டேப்புக்கு முன்பு சுவரைப் பார்க்க வேண்டும். நிலவறையில் ஈரம் இரண்டு வழியாக வருகிறது. ஒன்று, வெளியே உள்ள மண்ணின் ஈரம் கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக உள்ளே ஊறி வருவது. இதைத்தான் ஓதம் என்கிறோம். சுவரின் அடிப்பகுதியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலோ, பழைய வண்ணப்பூச்சு பொருக்குப் பொருக்காக உரிந்திருந்தாலோ இதைச் சந்தேகிக்க வேண்டும். மற்றொன்று, அறையின் காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் பட்டு நீர்த்துளியாக மாறுவது. சுவர் வியர்க்கிறது என்று சொல்வது இதைத்தான். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி அளவில் ஒளி ஊடுருவும் கெட்டி பிளாஸ்டிக் தாள் ஒன்றை வெறும் கான்கிரீட்டின் மேல் வைத்து, நான்கு விளிம்புகளையும் காற்றுப் புகாதபடி ஒட்டிவிட்டு, குறைந்தது 16 மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். பொருள்களுக்கான சோதனை முறைகளை வகுக்கும் ஏ.எஸ்.டி.எம். என்ற அமைப்பின் டி4263 சோதனை முறையும் இதுதான். தாளின் உட்புறம் நீர் கோத்திருந்தாலோ, அதன் கீழுள்ள கான்கிரீட் மட்டும் கறுத்திருந்தாலோ ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. தாளின் வெளிப்புறம் நனைந்திருந்தால் காற்றிலிருந்து வருகிறது. ஒரு நாளில் தெரிந்தது போதும் என்று விடாமல், நல்ல மழை பெய்து ஓய்ந்த பிறகு இன்னொரு முறையும் செய்து பாருங்கள்.

ஈரம் மண்ணிலிருந்து வருகிறது என்று தெரிந்தால், அங்கேயே வேலையை நிறுத்திவிட வேண்டும். கூரை நீர் சுவரோரம் விழாமல் தள்ளி விடுவது, தரையை வீட்டுக்கு வெளிப்புறமாகச் சரிப்பது, விரிசல்களை அடைப்பது, தேவையானால் வடிகாலும் நீரிறைக்கும் பம்பும் அமைப்பது ஆகியவை முடியும் வரை பலகை அடிக்கவே கூடாது. ஓதம் ஏறுகிற சுவரின் முன்னால் நிற்கும் இணைப்பை உலகத்தில் எந்த டேப்பும் காப்பாற்றாது. ஜிப்சம் என்பதே நீரேறிய கால்சியம் சல்பேட். அதன் எடையில் ஏறத்தாழ 21 விழுக்காடு, படிகத்துக்குள் பிணைந்திருக்கும் தண்ணீர். அது போக வெளியிலிருந்து தொடர்ந்து நீர் வந்தால் பலகையின் நடுப்பகுதி மெல்ல மெல்ல நெகிழ்ந்து உதிர்கிறது. அப்போது டேப் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அது பிடித்துக்கொள்ளப் பலகைதான் இருக்காது.

காற்றின் ஈரம்தான் காரணம் என்றால் கட்டுப்படுத்தலாம். இதில் பலரும் செய்யும் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். நிலவறையில் நாற்றம் அடிக்கிறது என்று கோடையில் சன்னலைத் திறந்து வைக்கிறார்கள். வெளிக்காற்று 28 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 70 விழுக்காடு ஒப்பு ஈரப்பதமும் கொண்டிருந்தால், அந்தக் காற்று 22 டிகிரி அளவுள்ள எந்தப் பரப்பைத் தொட்டாலும் நீர்விடத் தொடங்கும். மண்ணுக்குள் நிற்கும் சுவரின் வெப்பநிலை அதைவிடக் குறைவாக இருப்பது சாதாரணம். ஆகவே காற்றாட விடுவதாக எண்ணிச் சுவரில் தண்ணீர் தெளிப்பதற்கு ஒப்பான காரியத்தைச் செய்துவிடுகிறோம். அத்தகைய நாட்களில் சன்னலை அடைத்துவிட்டு, காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டிஹியூமிடிஃபையரை ஓட்டுவதே சரி. அறையில் ஒப்பு ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, 30 முதல் 50 வரை இருப்பது நல்லது என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லும் அளவு. சிறிய ஈரமானி ஒன்றை அறையின் குளிர்ந்த மூலையில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வைத்து, சில வாரங்கள் குறித்து வாருங்கள். மேசை மேல் வைத்தால் வேறு எண்ணைக் காட்டும்.

இனி டேப்பின் வேலை என்ன என்று பார்ப்போம். இரண்டு பலகைகள் சந்திக்கும் கோட்டில் கலவையை மட்டும் பூசி நிரப்பினால், அது காய்ந்ததும் கண்ணாடியைப் போலாகிவிடும். அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. பின்னால் இருக்கும் மரச்சட்டம் ஈரத்தை ஏற்று உப்புகிறது, உலர்ந்து சுருங்குகிறது. பருவத்துக்குப் பருவம் பலகைகள் மயிரிழை அளவு விலகி நெருங்குகின்றன. அந்த இழுப்பை வாங்கிக்கொண்டு இரு பக்கமும் பரப்புவதுதான் டேப்பின் வேலை. நிலவறையில் ஈரப்பதத்தின் ஏற்ற இறக்கம் மேல்மாடி அறையைவிட அதிகம். ஆகவே இந்த அசைவும் அதிகம். பூசணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

காகித டேப் இந்த வேலைக்குப் பல தலைமுறைகளாகப் பழகிய பொருள். ஏறத்தாழ 50 மி.மீ. அகலம், நடுவில் மடிப்புக் கோடு, இழுத்தால் நீளாத கெட்டித் தன்மை. உள்மூலையில் மடித்து அழுத்தினால் நூல் பிடித்தாற்போல் நிற்கும். இணைப்பின் உறுதியை மட்டும் பார்த்தால் அதை விஞ்சுவது கடினம். குறை அதன் பிறப்பிலேயே இருக்கிறது: அது மரக்கூழ். பூசண வித்துகள் எல்லாக் காற்றிலும் இருக்கின்றன. அவற்றுக்கு வேண்டியவை இரையும் ஈரமும் மட்டும்தான். நனைந்த காகிதத்தை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்தாவிட்டால் அவை வேரூன்றத் தொடங்கும்.

ஆனால் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிதானிக்க வேண்டும். சாதாரண ஜிப்சம் பலகையின் முன்முகமும் பின்முகமும் எதனால் ஆனவை? அதே காகிதத்தால்தான். 4 அடிக்கு 8 அடிப் பலகை ஒன்றில் இரு பக்கமும் சேர்த்து 64 சதுர அடிக் காகிதம் இருக்கிறது. அதன் ஓரத்தில் ஒட்டும் இரண்டு அங்குலப் பட்டையை மட்டும் கண்ணாடி இழையாக மாற்றிவிட்டுப் பூசணத்தைத் தடுத்துவிட்டோம் என்று நிம்மதி அடைவதில் பொருளில்லை. டேப்பின் காகிதமாவது இரு பக்கமும் ஜிப்சக் கலவைக்குள் புதைந்து கிடக்கிறது. பலகையின் பின்முகக் காகிதமோ குளிர்ந்த கான்கிரீட் சுவரை நோக்கி, இருட்டில், காற்றோட்டமின்றி, மூடாமல் நிற்கிறது. பூசணம் முதலில் பூப்பது அங்கேதான். எனவே காகித டேப் வேண்டாம் என்று முடிவு செய்பவர், அதே காரணத்துக்காகக் காகித முகப் பலகையையும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். பலகை இன்னும் வாங்கவில்லை என்பது நம் கேள்வியாளருக்கு நல்ல வாய்ப்பு.

பச்சை நிறக் காகிதம் ஒட்டிய பலகையை வாங்கினால் போதும் என்றும் சிலர் சொல்வார்கள். பழைய பச்சைப் பலகை ஈரத்தை மெதுவாக உறிஞ்சும்படி செய்யப்பட்டது. ஈரத்தைத் தாங்குவதும் பூசணத்தை எதிர்ப்பதும் வேறு வேறு குணங்கள். பூசண எதிர்ப்பு என்று அச்சிட்டிருந்தால், ஏ.எஸ்.டி.எம். டி3273 சோதனையில் 10 மதிப்பெண் பெற்றதா என்று பாருங்கள். வித்துகள் நிறைந்த ஈரக் கூண்டுக்குள் நான்கு வாரம் வைத்து, பரப்பில் பூசணம் எவ்வளவு வளர்ந்தது என்று அளப்பது அந்தச் சோதனை. ஒன்றுமே வளராவிட்டால் 10. இந்த மதிப்பெண் அந்தப் பொருளின் பரப்பைப் பற்றி மட்டுமே சொல்கிறது. அதன் மேல் படியும் தூசியும், பூசும் வண்ணமும், பின்னால் நிற்கும் மரமும் பூசணத்துக்குத் தனியே இரையாகலாம்.

இப்போது வலை டேப். தானே ஒட்டிக்கொள்ளும் பசையோடு வருவதால் புதியவர்களுக்குப் பிடிக்கும்: இணைப்பின் மேல் ஒட்டிக்கொண்டே போய்விட்டு, பிறகு நிதானமாகக் கலவை பூசலாம். கண்ணாடி இழை பூசணத்துக்கு இரையாவதில்லை என்பதும் மெய். ஆனால் அதன் கட்டங்கள் இழுப்புக்குச் சற்றே நெளிந்து கொடுக்கும். ஒவ்வோர் இழையும் வலிமையானது, வலையாகச் சேர்ந்தபோது இளகுகிறது. அந்த இளக்கத்தை இறுக்கிப் பிடிக்க, கட்டங்களுக்குள் நுழையும் கலவை கல்லைப் போலக் கெட்டியாக வேண்டும். வாளியில் குழைத்தே விற்கும் கலவைக்கு அந்தக் கெட்டி இல்லை.

இதை நான் கற்றுக்கொண்டது என் சொந்த வேலையில். ஒரு நிலவறையின் நீண்ட சுவரில் வலை டேப்பை ஒட்டி, கையில் இருந்தது என்பதற்காக வாளிக் கலவையையே மூன்று முறையும் பூசினேன். முடித்த அன்று சுவர் பளிங்குபோல் இருந்தது. அடுத்த பருவத்தில் அறை உலர்ந்தபோது, அளவுகோல் வைத்துக் கீறியதைப் போல, இணைப்பின் நட்டநடுவே ஒரே நேர்கோடாக விரிசல் ஓடியிருந்தது. விரல் நகத்தை வைத்தால் தெரியாது; விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தெரியும். அதைச் சுரண்டி எடுத்தபோது டேப் சேதமின்றி இருந்தது, கலவைதான் இரு பக்கமும் பிரிந்திருந்தது. அதே இடத்தில் தானாக இறுகும் கலவையைக் கொண்டு மறுபடி செய்த பிறகு விரிசல் திரும்பவில்லை. ஆகவே வலை டேப்பின் மேல் முதல் பூச்சாவது தானாக இறுகும் கலவையாகவே இருக்க வேண்டும். உள்மூலைகளில் வலை டேப் வேண்டவே வேண்டாம்; மடிப்பு நிற்காது, பட்டித் தகட்டின் முனை இழையை அறுத்துவிடும். பலகையின் பரப்பில் வெட்டிய தூசியோ ஈரமோ இருந்தால் வலை டேப்பின் பசையும் பிடிக்காது. நிலவறையில் இரண்டும் உண்டு.

மூன்றாவது வகை, நெய்யாத கண்ணாடி இழை டேப். ஃபைபாஃப்யூஸ் என்ற பெயரில் விற்பது இந்த வகையில் பலரும் அறிந்தது. கையில் எடுத்தால் மெல்லிய சல்லாத் துணிபோல் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் இழைகள் திசையின்றிப் படிந்திருப்பது தெரியும். பசை கிடையாது, காகிதத்தைப் போலவே கலவையில் பதிக்க வேண்டும். நுண்துளைகள் வழியாகக் கலவை மறுபக்கம் வரை ஊடுருவிவிடுவதால், காகித டேப்பில் வரும் காற்றுக் கொப்புளம் இதில் மிக அரிது. வலை டேப்பைவிடத் தடிப்புக் குறைவு. பக்கவாட்டில் மேடு தட்டாது. ஈரத்தால் உப்புவதில்லை, பூசணத்துக்கு இரையாவதில்லை. உலர்ந்த நிலையில் குறுக்கே இழுத்தால் எளிதில் கிழிந்துவிடும் என்பது இதன் குறை. பழகாத கை தகட்டின் முனையை அழுத்தினால் மூலையில் கிழியும். கலவையில் பதிந்து இறுகிய பிறகு அந்தக் குறை இல்லை. நிலவறைக்கு நான் இதைத் தேர்ந்தெடுப்பது, காகிதத்தைப் போல் கலவையோடு ஒன்றி நிற்பதும், வலையைப் போல் பூசணத்துக்கு இடம் கொடுக்காததும் ஆகிய இரண்டு குணங்களும் ஒரே பொருளில் இருப்பதால்தான். கண்ணாடி இழைத் துணுக்கு தோலில் அரிப்பைத் தரும். கையுறையும், தேய்க்கும்போது முகக்கவசமும் கட்டாயம்.

இன்னொரு வலை டேப் சிமென்ட் பலகைகளுக்கென்றே வருகிறது. சிமென்ட்டின் காரத்தன்மை சாதாரணக் கண்ணாடி இழையைக் காலப்போக்கில் அரிக்கும் என்பதால், அதற்குக் காரம் தாங்கும் பூச்சுக் கொடுத்திருப்பார்கள். ஓடு பதிக்கும் குளியலறைச் சுவருக்கு, ஓடு ஒட்டும் சாந்தோடு அதைப் பயன்படுத்த வேண்டும். ஜிப்சம் பலகைக்கு அது தேவையில்லை.

கலவைக்கு வருவோம், விடையின் உயிர்நிலை இதுதான். வாளியில் வரும் கலவை, அதிலுள்ள தண்ணீர் காற்றில் ஆவியாகிப் போவதால் கெட்டியாகிறது. காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருந்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? உலர்ந்த அறையில் ஒரு நாளில் காயும் பூச்சு, ஈரமான நிலவறையில் பல நாள் நனைந்தே கிடக்கும். அந்த நாட்களில் பலகையின் காகிதமும் டேப்பின் காகிதமும் சேர்ந்து ஊறுகின்றன. மேல்தோல் மட்டும் காய்ந்ததைப் பார்த்து அடுத்த பூச்சைப் போட்டுவிட்டால், உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழி இல்லாமல், வாரங்கள் கழித்து இணைப்பு உள்வாங்கிப் பள்ளமாகும். சில நேரம் வண்ணம் அடிக்கும் முன்பே இணைப்பு நெடுக மங்கிய சாம்பல் நிறப் புள்ளிகள் தோன்றுவதைப் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வராமல், பூசிய கலவையின் ஈரத்திலேயே வளர்ந்த பூசணம் அது.

தானாக இறுகும் கலவை வேறு வகை. ஜிப்சத்தைச் சூடாக்கி, அதன் படிக நீரில் முக்கால் பங்கை வெளியேற்றிய பொடி அதன் அடிப்படை. தண்ணீர் சேர்த்ததும் இழந்த நீரைத் திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடியும் ஜிப்சமாகிறது; அது வேதிமாற்றம், காற்றின் ஈரத்தைப் பொறுத்ததல்ல. மழை நாளிலும் குறித்த நேரத்தில் இறுகும். பையின் மேல் 20, 45, 90 என்று அச்சிட்டிருக்கும் எண்கள் ஏறத்தாழ எத்தனை நிமிடத்தில் இறுகும் என்பதைக் குறிக்கின்றன. புதியவர்கள் 90 நிமிடப் பொடியை எடுத்துக்கொண்டு, சிறு சிறு அளவாகக் குழைப்பது நல்லது. தண்ணீரில் பொடியைத் தூவிக் கலக்க வேண்டும். வாளியில் முந்தைய கலவை துளி ஒட்டியிருந்தாலும் புதியது சீக்கிரம் இறுகிவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் கழுவுங்கள். வாளியின் அடியில் கை வைத்தால் வெதுவெதுப்பாகத் தெரியும். இறுகத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அதன் பிறகு தண்ணீர் விட்டு இளக்கி ஓட்டினால், பார்வைக்கு நன்றாக இருக்கும், பிறகு பொடிப்பொடியாக உதிரும். மிஞ்சியதைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள். ஆனால் கழுவுத் தொட்டியின் குழாயில் ஊற்றிவிடாதீர்கள், அது குழாய்க்குள்ளேயே கல்லாகிவிடும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: இறுகிய கலவை நீர்புகாத கலவை ஆகிவிடாது. அதுவும் ஜிப்சம்தான், தொடர்ந்து நனைந்தால் அதுவும் இளகும். பூசிய ஈரம் நீண்ட நாள் தங்காது, இணைப்பு கெட்டியாக நிற்கும் என்ற இரண்டு நன்மைகளுக்காகத்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறோம். அதன் கெட்டித்தன்மையே ஒரு தொல்லையும் ஆகும்: சில வகைகளை உப்புத்தாளால் தேய்க்கவே முடியாது. எளிதில் தேய்க்கக்கூடிய வகை தனியே கிடைக்கிறது. டேப் பதிக்கும் முதல் பூச்சுக்கும் இரண்டாம் பூச்சுக்கும் கெட்டி வகையும், மேல்பூச்சுக்கு எளிய வகையும் வைத்துக்கொள்ளலாம். அறையின் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே நிலைத்திருந்தால் கடைசி மெல்லிய பூச்சுக்கு வாளிக் கலவையைப் பயன்படுத்துவதிலும் தவறில்லை.

வேலையைத் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னிருந்தே அறையைக் குறைந்தது 10 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்து, எல்லாப் பூச்சும் உலரும் வரை அப்படியே காக்க வேண்டும். சூடேற்றுவதற்குப் புகைபோக்கி இல்லாத எரிவாயு அடுப்பை உள்ளே வைப்பது பெரும் தவறு. எரிவாயு எரியும்போது நீராவி வெளிவருகிறது. அறை சூடாவதோடு ஈரமும் ஏறும், நச்சுப் புகையின் அபாயமும் உண்டு. மின்சார ஹீட்டரே போதும்.

நெய்யாத டேப்பைப் பதிக்கும் முறையைச் சொல்கிறேன். ஆறு அங்குலத் தகட்டால் இணைப்பின் மேல் ஏறத்தாழ 3 மி.மீ. தடிப்பில் கலவையைப் பரப்புங்கள். எங்கும் வெற்றிடம் விடக் கூடாது. டேப்பை மேலிருந்து மெல்ல அதன் மேல் படிய விட்டு, நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கித் தகட்டைச் சாய்த்து இழுங்கள். இழைகளின் வழியாகக் கலவை கசிந்து டேப்பின் நிறம் மாறும். நிறம் மாறாமல் வெள்ளையாக நிற்கும் இடத்தில் அடியில் கலவை போதவில்லை என்று பொருள். அந்த இடத்தை அப்போதே தூக்கிக் கலவை வைத்துவிடுங்கள். அதே கையோடு மேலே மெல்லிய பூச்சு ஒன்றையும் கொடுத்துவிட வேண்டும். அடுத்த பூச்சுகளில் அகலத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். தடிப்பைக் கூட்டக் கூடாது. உப்புத்தாள் போடும்போது இழை வெளியே தெரியும் அளவுக்குத் தேய்த்துவிட்டால் அந்த இடம் வண்ணத்தின் அடியில் மயிர்க்கூச்செறிந்ததுபோல் தெரியும். மேலே ஒரு மெல்லிய பூச்சுப் பூசிச் சரிசெய்வதைத் தவிர வேறு வழியில்லை.

பலகையின் நீள விளிம்பு சரிந்திருக்கும்; டேப்பும் கலவையும் அந்தப் பள்ளத்தில் அமர்ந்துவிடும். குறுக்கு முனைகள் இரண்டு முட்டிக்கொள்ளும் இடத்தில் பள்ளம் இல்லை. அங்கே எதைப் பூசினாலும் மேடுதான். நிலவறையில் முட்டு இணைப்புகளை முடிந்தவரை தவிர்த்து, நீளமான பலகைகளாக வாங்குங்கள். இறங்கும் வழி குறுகலாக இருந்தால் முடியாமல் போகலாம். அப்போது முட்டு இணைப்பில் வலை டேப் வேண்டாம், அதன் தடிப்பு மேட்டை இன்னும் கூட்டும்.

பலகையின் கீழ் விளிம்பைத் தரையில் தொட விடாதீர்கள். ஏறத்தாழ 12 மி.மீ. இடைவெளி விட்டு அடிக்க வேண்டும். சுவரின் அடியில் தரையோரமாக அடிக்கும் அடிப்பட்டி அதை மறைத்துவிடும். தரையில் சிறிது நீர் கசிந்தாலும், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதைப் போல, தொட்டுக்கொண்டிருக்கும் பலகை அதை மேலே இழுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியைக் கலவையாலும் டேப்பாலும் அடைத்து ‘நேர்த்தி’ செய்கிறவர்களும் உண்டு, செய்யாதீர்கள். வேலை முடிந்த சுவரில் நீராவியை அடைத்துவிடும் வினைல் சுவர்த்தாளும் வேண்டாம். பின்னாலிருந்து வரும் சிறு ஈரம் உள்ளறை வழியாக உலர்ந்து போவதற்கு வழி இருக்க வேண்டும்.

ஏற்கெனவே ஒட்டிய டேப் உரிந்து வருகிற நிலவறை என்றால், அதைக் கிழித்து எறியும் முன் திருப்பிப் பாருங்கள். பின்புறம் சுருளிலிருந்து எடுத்ததைப் போல் சுத்தமாக இருந்தால், அடியில் கலவை போடாமல் ஒட்டியிருக்கிறார்கள்; ஈரத்தின் மேல் பழி இல்லை. பின்புறம் மாவுபோல் பொடி உதிர்ந்தால், கலவை இறுகுவதற்கு முன் உலர்ந்துவிட்டது அல்லது இறுகத் தொடங்கிய பிறகு தண்ணீர் விட்டு ஓட்டியிருக்கிறார்கள். பலகையின் முகக் காகிதமே டேப்போடு பிரிந்து வந்தால் பலகை ஊறியிருக்கிறது. கறுப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் இருந்தால், அந்தப் பலகையை வெட்டி எடுத்துப் பின்முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும். புதிய டேப்பை அதன் மேல் ஒட்டி மூடுவது பூசணத்தைப் போர்த்தி வளர்ப்பதாகவே முடியும். முதல் இரண்டுக்கும் டேப்பையும் கலவையையும் மாற்றினால் போதும். மற்ற இரண்டுக்கும் மறுபடியும் பிளாஸ்டிக் தாளை எடுத்துக்கொண்டு சுவருக்கே போக வேண்டும்.

கேள்வியாளர் வாங்கி வைத்த நான்கு சுருள் காகித டேப் வீணாகாது. கண்ணாடி இழை முகப் பலகை அவருக்குக் கிடைக்காமல், பூசண எதிர்ப்புள்ள காகித முகப் பலகைதான் கிடைக்கிறது என்றால், சோதனையில் சுவர் உலர்ந்திருப்பது உறுதியான பிறகு, தானாக இறுகும் கலவையில் அந்தக் காகித டேப்பையே பதிக்கலாம். உள்மூலைகளில் அதுவே அழகாக நிற்கும். ஒவ்வொரு துண்டையும் ஒட்டும் முன் ஒரு நொடி தண்ணீரில் நனைத்து, சொட்டு வடிந்ததும் பதித்தால் காகிதம் கலவையின் நீரை அவசரமாக உறிஞ்சிக்கொள்ளாது. கண்ணாடி இழைப் பலகை கிடைத்துவிட்டால், அந்தச் சுருள்களை மேல்மாடி வேலைக்கு எடுத்து வையுங்கள். நிலவறையிலேயே அடுக்கி வைக்காமல், உலர்ந்த அலமாரியில் வையுங்கள்.